லிங்கம் வைத்தது போருக்கு முன்னாலா, பின்னாலா? – சேதுக்கரைக் கதையும் டிவி ராமாயணமும்

ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர்களில் பத்து பேரை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "ராமர் இங்கே லிங்கம் வைத்து வழிபட்டாரே, அது இலங்கைக்குப் போகும்போதா, திரும்பி வரும்போதா?"

எங்கள் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் "திரும்பி வரும்போதுதான்" என்பார்கள். ராவணனைக் கொன்ற தோஷம் போக வேண்டுமே! வடக்கே இருந்து ரயிலில் வந்து இறங்குகிறவர்களிடம் கேட்டால் "போகும்போது, பாலம் கட்டிய சமயத்தில்" என்று பதில் வரும். எப்படித் தெரியும் என்று கேட்டால் பலர் சொல்வது ஒன்றுதான்: "டிவியில் பார்த்தோமே." நான் பேசிப் பார்த்தவரை இந்த இரண்டு பதிலும்தான் மாறி மாறி வந்திருக்கிறது. இப்போது எங்கள் ஊர் இளவட்டங்களிலும் "போகும்போதுதான்" என்கிறவர்கள் உண்டு.

ஒரே ஒரு காட்சி முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது என்பது என் கட்சி. அதைத்தான் இந்தக் குறிப்பில் எழுதப் பார்க்கிறேன்.

புத்தகமும் தொடரும்

புத்தகம் டிவி தொடராகும்போது என்னென்ன மாறுகிறது என்பது உலகம் முழுக்க ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் விஷயம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில், நாவலில் செத்து மீண்டு வரும் கேட்லின் ஸ்டார்க்கைக் காணோம். போதாததற்கு ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் நாவல் வரிசையை எழுதி முடிக்கும் முன்பே 2019-ல் தொடர் முடிந்துவிட்டது. நம் நாட்டில் தேவகி நந்தன் கத்ரி 1888-ல் எழுதிய 'சந்திரகாந்தா' என்ற இந்தி மாயாஜால நாவல், 1990-களில் தூர்தர்ஷன் தொடராக வந்தபோது ஏகப்பட்ட மாற்றங்களோடுதான் வந்தது.

இந்தச் சண்டைகளில் ஒரு வசதி உண்டு. கையில் ஒரு புத்தகம் இருக்கிறது. பக்கத்தைப் புரட்டி, "இங்க பாருங்க, எழுதினவர் இப்படித்தான் எழுதியிருக்கார்" என்று காட்டிவிடலாம்.

ராமாயணத்தை நான் மாயாஜால நாவல் என்று சொல்ல வரவில்லை. பலருக்கு அது வேதம், சிலருக்கு வரலாறு, சிலருக்கு இலக்கியம். ஆனால் பேசும் கழுகு, பறக்கும் விமானம், கடலைத் தாண்டும் குரங்கு, பத்துத் தலை அரசன் இவற்றையெல்லாம் திரையில் காட்ட வேண்டிய சிக்கல் எல்லாருக்கும் ஒன்றுதானே. சிக்கல் ஒன்று, சௌகரியம் மட்டும் நமக்கு இல்லை. எடுத்துக் காட்ட "அந்த ஒரே புத்தகம்" நம்மிடம் கிடையாது. வால்மீகி இருக்கிறார், கம்பர் இருக்கிறார், துளசிதாசர் இருக்கிறார், தலபுராணங்கள் இருக்கின்றன, எழுதப்படாத வாய்மொழிக் கதைகள் இருக்கின்றன. டிவி இதில் எதிலிருந்து விலகியது என்று கேட்கும் முன், எதைப் பிடித்துக்கொண்டது என்று கேட்க வேண்டும்.

ஞாயிறு காலை ஒன்பதரை

ராமானந்த சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரி 25-ல் தூர்தர்ஷனில் தொடங்கி 1988 ஜூலை 31-ல் முடிந்தது. 78 வாரத் தொடர். முதலில் அனுமதி கிடைத்தது 52 வாரத்துக்குத்தான், பிறகு நீட்டினார்கள். ராமராக அருண் கோவில், சீதையாக தீபிகா, அனுமனாக தாரா சிங், ராவணனாக அரவிந்த் திரிவேதி. படப்பிடிப்பின் பெரும்பகுதி நடந்தது குஜராத்தின் உம்பர்காவ்ங்கிற ஊரில். அது அரபிக்கடல் ஓரம். நம் சேதுக் கடலுக்கு நேர் எதிர்ப்பக்கம்!

இந்தி தெரியாத தமிழ்நாட்டிலும் ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு டிவி இருக்கும் வீட்டில் தெருவே கூடியது. வசனம் புரியவில்லை என்று யாரும் எழுந்து போகவில்லை, கதைதான் தெரியுமே. உண்மையில் இதுதான் முக்கியமான இடம். பாஷை புரியாதபோது காட்சி இன்னும் ஆழமாகப் பதிகிறது. தெரிந்த கதையின் மேலேயே புதுப் படம் ஒட்டிக்கொள்கிறது. கொஞ்ச நாள் கழித்து எது பாட்டி சொன்னது, எது டிவியில் பார்த்தது என்று பிரிக்க முடிவதில்லை.

தொடரின் தொடக்க எழுத்துகளில் வால்மீகி, துளசிதாசர், கம்பர், வங்காளத்துக் கிருத்திவாசர், தெலுங்கு ரங்கநாத ராமாயணம், எழுத்தச்சனின் மலையாள அத்யாத்ம ராமாயணம் என்று பல நூல்களை ஆதாரமாகக் காட்டினார்கள். பட்டியல் பெரிசு. ஆனால் முக்கியமான திருப்பங்களில் முதுகெலும்பாக நின்றது துளசிதாசரின் 'ராமசரிதமானஸ்'. இந்தி பேசும் மாநிலங்களில் வீட்டுக்கு வீடு படிக்கிற, ராம்லீலாவாக ஆண்டுதோறும் ஆடுகிற நூல் அது. சாகர் அதைப் பிடித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவர் ஊரில் கதை அப்படி.

கரையில் கதை எப்படி இருக்கிறது

சரி, எங்கள் கரைக்கு வருவோம். ராமநாதபுரத்துக் கடற்கரையில் ராமாயணம் ஊர் ஊராகக் கிடக்கிறது. உப்பூரில் வெயிலுகந்த விநாயகரை ராமர் கும்பிட்டார். தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கல் நட்டு நவக்கிரகங்களை வழிபட்டார், அதுதான் நவபாஷாணம். திருப்புல்லாணியில் தர்ப்பைப் புல்லில் படுத்துக் கடலரசனிடம் வழி கேட்டார். பக்கத்தில் சேதுக்கரையில் பாலத்தைத் தொடங்கினார். இல்லையில்லை, தனுஷ்கோடியில்தான் தொடங்கினார் என்பாரும் உண்டு. ராமேஸ்வரத்தில் லிங்கம் வைத்தார். கோதண்டராமர் கோயில் இருக்கும் இடத்தில் விபீஷணனுக்கு முடி சூட்டினார். ஆக, இந்தக் கரையே ஒரு நீளமான ஏடு. ஒவ்வொரு ஊரும் அதில் ஒரு பக்கம்.

இதில் மிகப் பழைய பக்கம் எது தெரியுமா? அகநானூறு 70ஆம் பாட்டு. மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடியது. பாண்டியர்களின் பழமையான கோடிக்கரையில், விழுதுகள் இறங்கிய ஆலமரத்தடியில் ராமர் உட்கார்ந்து ரகசிய ஆலோசனை நடத்துகிறார். மரத்துப் பறவைகள் சத்தம் போடுகின்றன. அவர் அடக்க, மரமே ஓசையற்றுப் போகிறது. ஒரு தோழி, தலைவியின் கல்யாணம் நிச்சயமானதும் ஊர் வாய் அடங்கியதற்கு இதை உவமையாகச் சொல்கிறாள். அந்தக் கோடி இன்றைய தனுஷ்கோடிதான் என்று கொள்ளும் அறிஞர்கள் உண்டு. வால்மீகியில் இந்தக் காட்சி இல்லை. கம்பரிலும் இல்லை. கம்பருக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தக் கரைக்கென்று தனியாக ஒரு ராமர் கதை இருந்திருக்கிறது. ஒரு படைத்தலைவர், ஒரு மரம், கொஞ்சம் பறவைகள், திடீரென்று விழும் அமைதி. எந்த டிவியிலும் வராத காட்சி. நல்ல இயக்குநர் கையில் கிடைத்தால் எப்படி இருக்கும்!

அடுத்து தேவாரம். ராமேஸ்வரத்துக்குச் சம்பந்தர் பாடியது இரண்டு பதிகம், அப்பர் பாடியது ஒன்று. இருவரும் ஏழாம் நூற்றாண்டு. ராவணனைக் கொன்ற பழி தீருவதற்காக ராமர் எழுப்பிய கோயில் இது என்பது இவர்கள் பாட்டிலேயே வந்துவிடுகிறது. அதாவது போருக்குப் பின்னால். இதை விரித்துச் சொல்வது வடமொழி ஸ்காந்த புராணத்தின் சேது மாகாத்மியமும், 16ஆம் நூற்றாண்டில் நிரம்ப அழகிய தேசிகர் பாடிய தமிழ் 'சேது புராண'மும்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராவணன் புலஸ்தியர் வழி வந்த பிராமணன். அவனைக் கொன்றதால் ராமருக்குப் பிரம்மஹத்தி தோஷம். லிங்கம் வைத்து வழிபடச் சொல்கிறார்கள் முனிவர்கள். லிங்கம் கொண்டுவர அனுமன் கைலாயம் போகிறான். நல்ல நேரம் தப்பப் பார்க்கிறது, ஆளைக் காணோம். சீதை கடல் மணலைக் கூட்டி லிங்கம் பிடிக்கிறாள், பூஜை நடக்கிறது. அப்புறம் வந்து சேர்ந்த அனுமனுக்கு வருத்தம், கோபம். மணல் லிங்கத்தை வாலால் சுற்றி இழுக்கிறான், அசையவில்லை. "உன் லிங்கத்துக்கே முதல் பூஜை" என்று ராமர் சமாதானம் சொல்கிறார். இன்றைக்கும் அனுமன் கொண்டுவந்த விஸ்வநாதருக்கு முதல் பூஜை, அதற்குப் பிறகுதான் ராமநாதசுவாமிக்கு.

இந்த வரிசையைக் கோயில் வருஷா வருஷம் நடித்தும் காட்டுகிறது. ஆனி மாதம் ராமலிங்கப் பிரதிஷ்டை விழா. முதல் நாள் ராவண சம்ஹாரம். இரண்டாம் நாள் கோதண்டராமர் கோயிலில் விபீஷணர் பட்டாபிஷேகம். மூன்றாம் நாள் லிங்கப் பிரதிஷ்டை. எங்கள் ஊர்த் தொடர் இதுதான், மூன்றே எபிசோடு. வரிசை மாறவே மாறாது: முதலில் கொலை, பிறகு அரசு, கடைசியில் பரிகாரம்.

டிவியில் என்ன நடந்தது

சாகரின் தொடரில் ராமர் லிங்கம் வைப்பது கடல் தாண்டும் முன்பு. போருக்குக் கிளம்பும் ராமர், தன் ஈஸ்வரனை வணங்கி அருள் வாங்கிப் புறப்படுகிறார். தோஷமும் கிடையாது, மணல் பிடிக்கும் சீதையும் கிடையாது. அவள்தான் அசோகவனத்தில் இருக்கிறாளே.

இதைச் சாகர் கற்பனையாகச் செய்துவிடவில்லை. 1574-ல் தொடங்கிய ராமசரிதமானஸில் துளசிதாசர், பாலம் கட்டி முடிந்ததும் ராமர் சிவனை ஸ்தாபித்ததாகவே பாடியிருக்கிறார். அத்யாத்ம ராமாயணத்திலும் போருக்கு முன்னால்தான். சிவபுராணத்தின் ஜோதிர்லிங்கக் கதையிலும் வெற்றி வேண்டி முன்கூட்டியே வழிபாடு நடக்கிறது. ஆகவே "டிவிக்காரன் தப்பாக் காட்டிட்டான்" என்று சொல்ல வழியில்லை. அவர்கள் காட்டியதும் பழைய கதைதான்.

அப்போ வால்மீகி என்ன சொல்கிறார்? பாலம் கட்டும் இடத்தில் அவர் லிங்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை. போர் முடிந்து புஷ்பக விமானத்தில் திரும்பும்போது ராமர் சீதைக்குச் சேதுவைக் காட்டுகிறார். அங்கே மகாதேவர் முன்பு அருள் செய்தார் என்கிற மாதிரி ஒரு வரி சில பதிப்புகளில் வருகிறது. அவ்வளவுதான். அந்த ஒற்றை வரியை முன் கட்சியும் தன் பக்கம் இழுக்கும், பின் கட்சியும் இழுக்கும். கம்பரோ சேதுபந்தனப் படலத்தில் லிங்கப் பிரதிஷ்டையைத் தொடவில்லை.

ஏறக்குறைய ஒரே நூற்றாண்டில் காசியில் ஒரு கவிஞர் "முன்னால்" என்று பாடினார், சேதுக் கரைக்காக ஒரு கவிஞர் "பின்னால்" என்று பாடினார். இரண்டும் நானூறு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. ஒன்றுக்கு மட்டும் 1987-ல் ஒளிபரப்புக் கோபுரம் கிடைத்தது.

வரிசை மாறினால் அர்த்தம் மாறும்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். இதில் என்ன இருக்கிறது?

போருக்கு முன்னால் வைக்கிற லிங்கம் வேண்டுதல். "நான் ஜெயிக்க வேண்டும்." அதில் சைவ வைணவ ஒற்றுமை இருக்கிறது, பக்தி இருக்கிறது. பார்க்கிறவர் மனசுக்கு நிறைவு. போர் முடிந்தால் கதையும் முடிந்தது, வெற்றி சுத்தமான வெற்றி.

போருக்குப் பின்னால் வைக்கிற லிங்கம் பிராயச்சித்தம். ராவணன் பெண்ணைத் தூக்கிப் போனவன், கொல்லப்பட வேண்டியவன், நியாயம் ராமர் பக்கம். எல்லாம் சரி. ஆனாலும் கொன்றது கொன்றதுதான். செத்தவன் வேதம் படித்தவன், சாமகானம் பாடியவன். நியாயமான போரில் ஜெயித்தவன் கையிலும் கறை படும், அதைக் கழுவாமல் ஊருக்குத் திரும்பக் கூடாது. கரைக்கதை சொல்வது இதை. ராமரே ஆனாலும் விலக்கு இல்லை.

ராமேஸ்வரம் என்கிற ஊர் நிற்பதே இந்த எண்ணத்தின் மேல்தான். எதற்காக இந்தியா முழுக்க இருந்து ஜனங்கள் வந்து அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு நடக்கிறார்கள்? செய்த பாவம் போக. அந்த ராமருக்கே இங்கே போயிற்று, நமக்குப் போகாதா என்கிற நம்பிக்கை. டிவி வரிசையை எடுத்துக்கொண்டால் ராமர் இங்கே வந்தது ஜெயிக்க, நாம் வருவது கழுவ. இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. யாத்திரையின் காரணமே மங்கிப்போகிறது.

சாகர் ஏன் அப்படி எடுத்தார் என்பதையும் யோசிக்க வேண்டும். அவர் காட்டிய ராமர் முழுக்க முழுக்கத் தெய்வம், புன்னகை மாறாத தெய்வம். அப்படிப்பட்டவருக்குத் தோஷம் என்று ஒன்றைக் காட்டினால் கட்டியெழுப்பிய உருவம் ஆட்டம் காணும். சீதையின் அக்னிப் பிரவேசத்திலும் இதே வழியைத்தான் பிடித்தார். நிஜச் சீதை முன்பே அக்னியிடம் பத்திரமாக இருந்தாள், ராவணன் தூக்கிப் போனது மாயச் சீதை, நெருப்பில் இறங்கியது நிஜத்தைத் திரும்பப் பெறத்தான் என்று ராமர் லட்சுமணனுக்கு விளக்குகிறார். அதுவும் அத்யாத்ம ராமாயணம், துளசிதாசர் வழி வந்தது. வால்மீகியிலும் கம்பரிலும் அந்த இடம் காதைப் பொத்திக்கொள்ள வைக்கும் அளவுக்குக் கடுமையான பேச்சு. எங்கெல்லாம் ராமர் மேல் கேள்வி எழுமோ, அங்கெல்லாம் கேள்வி எழாத பாடத்தைத் தொடர் தேர்ந்தெடுத்தது. தேர்வு என்று பார்த்தால் சாமர்த்தியமான தேர்வு.

மிதக்கும் கல்

பாலத்தையும் பார்த்துவிடுவோம். "ராம்" என்று பெயர் எழுதிய கற்கள் தண்ணீரில் மிதப்பது டிவி பார்த்த எல்லாருக்கும் நினைவிருக்கும். வால்மீகியில் கல்லில் பெயர் எழுதும் காட்சியே இல்லை. அவர் காட்டுவது ஒரு கட்டுமானத் தளம். தலைமைப் பொறியாளர் நளன், விஸ்வகர்மாவின் மகன். வானரங்கள் மரங்களைச் சாய்க்கின்றன, பாறைகளைப் பெயர்த்து யந்திரங்களில் ஏற்றி வருகின்றன, சிலர் நூல் பிடிக்கிறார்கள், சிலர் அளவுகோல் பிடிக்கிறார்கள். முதல் நாள் 14 யோசனை, அடுத்த நாட்களில் 20, 21, 22, 23. ஐந்து நாளில் நூறு யோசனை, அகலம் பத்து யோசனை. கணக்கு வைத்து வேலை நடந்திருக்கிறது!

கம்பரிலும் நளன்தான். ஆனால் அவர் அவசரக்காரர், மூன்று நாளில் பாலத்தை முடித்துவிடுகிறார். அதற்கு முன் கடலரசனுக்காகக் காத்திருந்ததோ வால்மீகியில் மூன்று இரவு, கம்பரில் ஏழு நாள். துளசிதாசரில் நளனோடு நீலனும் சேர்ந்து அண்ணன் தம்பியாகிறார்கள், இவர்கள் தொட்ட கல் மிதக்கும் என்ற முனிவர் வாக்கும் வருகிறது. தொடரில் வந்த நளன்–நீலன் ஜோடி அங்கிருந்து வந்தது. பெயர் எழுதுவது வாய்மொழிக் கதைகளில் உலவியது. திரைக்கு அது ரொம்ப வசதி. நூறு யோசனையைச் செட் போட்டுக் காட்ட முடியுமா? யோசனையை எட்டு கிலோமீட்டர் என்று குறைத்துப் பிடித்தாலும் 800 கிலோமீட்டர் ஆகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருப்பதோ சுமார் 30. ஒரு கல், அதில் இரண்டு எழுத்து, அது மிதக்கிறது. நாலு நொடியில் விஷயம் முடிந்தது.

ராமேஸ்வரத்தில் சில சந்நிதிகளில் தொட்டித் தண்ணீரில் மிதக்கும் கல் வைத்திருப்பார்கள். அவற்றில் பல பவளப்பாறைத் துண்டுகள். உள்ளே நுண்ணிய அறைகளில் காற்று நிற்பதால் மிதக்கும். அதைக் கும்பிடுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொட்டியருகே நிற்கும் குழந்தைகள் "எழுத்து எங்கே?" என்று தேடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி டிவி கற்றுக்கொடுத்தது. நூல் பிடித்து அளந்த நளனைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

லட்சுமண ரேகையும் இப்படித்தான். வால்மீகியில் இல்லை, கம்பரிலும் இல்லை. தெலுங்கிலும் வங்காளியிலும் உண்டு, துளசிதாசரில் மண்டோதரி வாயில் ஒரு குறிப்பாக வருகிறது. தொடர் அதை நெருப்புக் கோடாகக் காட்டியது. கம்பர் அந்த இடத்தில் வேறு யுக்தி செய்தார். ராவணன் சீதையைத் தொடாமல் பர்ணசாலையைத் தரையோடு பெயர்த்துக் கொண்டுபோகிறான். தமிழ் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். இன்றைக்கு நம் மேடைகளில் "லட்சுமண ரேகையைத் தாண்டாதே" என்று புத்தி சொல்கிறவர்கள் யாரும் பெயர்த்த பர்ணசாலையைச் சொல்வதில்லை.

தழுவல் எப்போதும் உண்டு

இதைப் படித்துவிட்டு "டிவி ராமாயணத்தைக் கெடுத்துவிட்டது" என்ற முடிவுக்கு யாரும் போக வேண்டாம். கம்பரே தழுவல்காரர்தான். மூலத்தை மாற்றியவர்களைத் தள்ளினால் முதலில் அவரைத் தள்ள வேண்டும். அணில் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வால்மீகியிலும் கம்பரிலும் இல்லாத அணில், தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் தண்ணீரில் நனைந்து மணலில் புரண்டு ஓடுகிறது. அதன் முதுகில் மூன்று கோடு போட்ட விரல்கள் அந்தப் பாசுரத்தில் கிடையாது, யாரோ பின்னால் சேர்த்தது. சேர்த்தவர் வாழ்க!

ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போனால், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதிகள் சுவரில் தீட்டவைத்த ராமாயணக் காட்சிகளைப் பார்க்கலாம். அதே கட்டடத்தில் சேதுபதிகளின் போர்களும் அரசவையும் இருக்கின்றன. சேதுவைக் காக்கிறவர் என்ற பட்டத்தால் ஆண்டவர்கள், ராமர் கதைக்குப் பக்கத்தில் தங்கள் கதையையும் வரைந்துகொண்டார்கள். அந்தக் காலத்துத் திரை அது. கடலுக்கு அக்கரையில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளும் காசில் "சேது" என்று பொறித்தார்கள். ஆளுக்கு ஒரு பாடம், ஆளுக்கு ஒரு உரிமை. பின்னால் சினிமா வந்தது. 1958-ல் கே. சோமு இயக்கிய 'சம்பூர்ண ராமாயண'த்தில் டி. கே. பகவதியின் ராவணன் பாட்டு விற்பன்னன், தமிழ் ஜனங்கள் கொட்டகையில் அவனையும் ரசித்தார்கள்.

அப்படியானால் டிவியில் என்ன புதுசு? மாற்றியது புதுசு இல்லை. ஒரே நேரத்தில், ஒரே பாடத்தை, நாடு முழுவதும் பார்த்தது புதுசு. ராமலிங்க விலாசத்துச் சுவர், ஆனித் திருவிழா, பாட்டியின் திண்ணை எதுவும் அடுத்த ஊர்க் கதையை அழிக்கவில்லை. அதுகளுக்கு அவ்வளவு எட்டாது. தூர்தர்ஷனுக்கு எட்டியது. அன்றைக்கு வேறு சேனலே இல்லாத வீடுகள் எத்தனையோ. எங்கள் கரையில் மட்டும் ஆன்டெனாவைத் திருப்பினால் இலங்கை ரூபவாஹினி தெரியும், அது ஒரு தனி அதிர்ஷ்டம். ரொமிலா தாப்பர் போன்ற வரலாற்றாசிரியர்கள் அப்போதே இந்த ஒற்றைப் பாட ஆபத்தை எழுதினார்கள். பவுலா ரிச்மன் தொகுத்து 1991-ல் வந்த 'பல ராமாயணங்கள்' என்ற ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பும் அந்தக் கவலையோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. ஏ. கே. ராமானுஜனின் புகழ்பெற்ற கட்டுரை அதில்தான் இருக்கிறது.

பார்வையாளர்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. 1988-ல் பட்டாபிஷேகத்தோடு தொடரை முடிக்கப்போனபோது, வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்ட துப்புரவுத் தொழிலாளர்கள் பஞ்சாபில் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகி வருகிற, லவகுசர் பிறக்கிற உத்தர காண்டத்தையும் காட்ட வேண்டும் என்பது கோரிக்கை. பிறகு அதுவும் தனித் தொடராக வந்தது. "எங்கள் பக்கத்தை விட்டுவிட்டாய்" என்று சொன்னவர்களுக்குப் பலன் கிடைத்தது.

சேதுக்கரை அப்படி எதையும் கேட்கவில்லை. 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் அதே தொடரை மறுபடி போட்டபோது, ராமேஸ்வரம் கோயில் வாசல் சாத்திக் கிடந்தது, தீர்த்தமாட ஆள் இல்லை. கோடிக்கணக்கான வீடுகளில் மட்டும் ராமர் மறுபடியும் போருக்கு முன்னால் லிங்கம் வைத்தார். ராமேஸ்வரம் தீவிலேயே 323 மீட்டர் உயரத்தில் ஒரு தொலைக்காட்சிக் கோபுரம் நிற்கிறது. தீவுக்குள் வருகிறவர்கள் கண்ணில் கோயில் கோபுரத்துக்கு முன்னால் அதுதான் படும்.

என் ஆசை சின்னது. வடக்கேயிருந்து வருகிறவர் "போகும்போதுதானே?" என்று கேட்டால் "தப்பு" என்று சொல்லாதீர்கள். "உங்க ஊர்ல அப்படிச் சொல்வாங்க, எங்க ஊர்ல இப்படி" என்று சொல்லி, கறை கழுவிய கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்கும் அப்படியே. முடிந்தால் ஒரு ஆனி மாதம் மூன்று நாள் ஒதுக்கி ராமேஸ்வரம் வாருங்கள். மூன்றாம் நாள் பூஜையில் கூட்டத்தோடு நிற்கும்போது, ஜெயித்தவர் எதற்காக இங்கே தலை வணங்கினார் என்பது விளங்கும்.